கல்லக்குடி சாம்பல் களிப்பாறையில் 14 முள் சிஸ்ட்: புதுச் சிற்றினமா, பழையதுதானா?

கல்லக்குடிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். காவிரிப் படுகையின் கிரெட்டேசியஸ் அடுக்குகளில் கிடைக்கும் டைனோஃபிளாஜெல்லேட் சிஸ்ட்களை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். டால்மியாபுரம் ஃபார்மேஷனின் அடியில் வரும் சாம்பல் களிப்பாறை, ஆல்பியன் காலம் (கிரெட்டேசியஸின் ஒரு பகுதி). சுண்ணாம்புக்கல் குவாரியின் ஓரத்தில் எடுத்த சாம்பிள்கள். (ஊருக்குப் பெயர் மீண்டும் கல்லக்குடி ஆகிவிட்டாலும் அடுக்கின் பெயர் டால்மியாபுரம்தான். அடுக்குகளின் பெயரைப் போராடி மாற்ற முடியாது போலிருக்கிறது.)

ஒரு சிஸ்ட் திரும்பத் திரும்ப வருகிறது. நடு உடல் உருண்டை, குறுக்களவு 42 முதல் 50 மைக்ரான். சுவர் இரண்டு அடுக்கு, மேல்பரப்பு லேசாகச் சொரசொரப்பு. உடலைச் சுற்றி உள்ளீடற்ற குழாய் மாதிரி முள்கள், நீளம் 25 முதல் 30 மைக்ரான். நுனி புனல் போல விரிகிறது, அந்தப் புனலின் சுவரில் சின்னச் சின்ன ஓட்டைகள்.

பேரினம் ஒலிகோஸ்ஃபெரிடியம் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பேரினத்தில் 18 முள் வரை இருக்கும் என்று படித்திருக்கிறேன். என்னுடையதில் எத்தனை முறை எண்ணினாலும் 14தான், சிலதில் 13. நுனியில் ஓட்டை வேறு. புதுச் சிற்றினம் என்று விவரித்துவிடலாமா? வழிகாட்டி "சீக்கிரம் எழுது" என்கிறார். எழுதும் முன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

பூந்தூள்

தம்பி, முள்ளை எண்ணுவதற்கு முன்னால் வாசலைப் பார்த்தாயா? ஆர்கியோபைல், அதாவது உயிர் வெளியேறும் திறப்பு, எங்கே இருக்கிறது என்று உன் பதிவில் ஒரு வரிகூட இல்லை.

ஒலிகோஸ்ஃபெரிடியத்தில் உயிரின் கவசத் தட்டு ஒன்றுக்கு ஒரு முள். கணக்குப் போட்டுப் பார். உச்சியில் 4 தட்டு. உடலைச் சுற்றி ஓடும் இடுப்புப் பள்ளத்துக்கு மேலே 6. பள்ளத்துக்குக் கீழே 6. பின் இடைத்தட்டு 1, அடித்தட்டு 1. ஆக 18. பள்ளத்துக்குள்ளேயே, அதாவது சிங்குலத்தில், முள் கிடையாது. அதுதான் இதை ஹிஸ்ட்ரிகோஸ்ஃபெரிடியத்திலிருந்து பிரிக்கிற அடையாளம்.

இந்தப் பேரினத்தில் உயிர் வெளியே வரும் வழி உச்சியில்தான். உச்சித் தட்டு நான்கும் ஒரே மூடியாகக் கழன்று போகும். மூடி போனால் அதிலிருக்கும் 4 முள்ளும் கூடவே போகும். 18இல் 4 போனால் எத்தனை?

13 வருகிற மாதிரிக்கும் காரணம் உண்டு. பள்ளத்துக்குக் கீழே உள்ள வரிசையில் முதல் தட்டு பெரும்பாலும் சிறுத்துப் போயிருக்கும், சிலதில் அதற்கு முள்ளே இருக்காது. அதனால்தான் அந்த வரிசைக்கு "5 அல்லது 6" என்று போடுகிறார்கள்.

இரண்டு வேலை செய். ஒன்று, சிஸ்ட்டின் உச்சியில் திறப்பு இருக்கிறதா, அதன் ஓரம் வளைந்து வளைந்து கோணல்மாணலாகப் போகிறதா என்று பார். மேல் வரிசையின் 6 தட்டுகளுடைய மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு போவதால் அந்த ஓரம் நேர்க்கோடாக இருக்காது. நெடுக்குப் பள்ளம் வந்து சேரும் இடத்தில் ஒரு வெட்டு மாதிரி தெரிந்தால் அது வயிற்றுப் பக்கம். இரண்டாவது, அதே ஸ்லைடில் 4 முள் மட்டும் உள்ள சின்னத் துண்டுகள் தனியாகக் கிடக்கின்றனவா என்று தேடு. எந்தச் சல்லடை போட்டாய்? 20 மைக்ரான் என்றால் சின்னத் துண்டுகளில் கொஞ்சம் கழுவியதோடு போயிருக்கும். 10 நல்லது, 15 பரவாயில்லை.

சும்மா_வந்தவன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சிஸ்ட் என்றால் எனக்கு டாக்டர் சொல்கிற நீர்க்கட்டிதான் தெரியும். இது என்ன? வாசல், மூடி என்கிறீர்கள். உள்ளே யார் குடியிருந்தார்கள்?

கடல்பாசி

நல்ல கேள்வி. நான் உயிரோடு இருக்கிற டைனோஃபிளாஜெல்லேட்களோடு வேலை செய்பவள், அதனால் நான் சொல்கிறேன்.

ஒற்றைச் செல் உயிர். இரண்டு கசைகள். ஒன்று இடுப்புப் பள்ளத்தைச் சுற்றி ஓடும், மற்றொன்று நெடுக்குப் பள்ளத்தில் இருந்து பின்னால் நீளும். இரண்டும் அடிக்கும்போது உயிர் சுழன்றுகொண்டே நீந்தும். பலவற்றுக்குச் செல்லுலோஸ் தட்டுகளாலான கவசம் உண்டு. கடல் சிவப்பாகிறது, இரவில் அலை மின்னுகிறது என்று செய்தி வந்தால் பெரும்பாலும் இவர்கள் வேலைதான்.

உயிர் செத்தால் செல்லுலோஸ் கவசம் மட்கிவிடும். பாறைக்குள் போகாது. ஆனால் சில சிற்றினங்கள் பாலினப் பெருக்கத்துக்குப் பிறகு உறங்குநிலைக்குப் போகும். அப்போது கவசத்துக்குள்ளேயே வேறு ஓர் உறை உருவாகும். அதுதான் சிஸ்ட். அதன் சுவர் டைனோஸ்போரின் என்ற பொருள், ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் பாறையே கரைந்தாலும் இது கரையாது. சிஸ்ட் அடிமண்ணில் போய்த் தூங்கும். நல்ல காலம் வந்ததும் உயிர் ஒரு திறப்பை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அந்தத் திறப்புதான் ஆர்கியோபைல். நம் கைக்குக் கிடைப்பது ஆள் போன பிறகு நிற்கிற காலி வீடு.

இன்று வாழும் சிற்றினங்களில் சுமார் 15 விழுக்காடுதான் பாறையில் தங்கக்கூடிய சிஸ்ட் செய்கின்றன. மீதியெல்லாம் தடம் இல்லாமல் போய்விடும். "இந்தக் காலத்தில் இத்தனை சிற்றினம் இருந்தது" என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் தள்ளி நின்றே கேட்பேன்.

சும்மா_வந்தவன்

நன்றி அக்கா. அப்போ முள்ளுக்கும் தட்டுக்கும் என்ன சம்பந்தம்? கவசம் மட்கிவிட்டது என்றால் எந்தத் தட்டு எங்கே இருந்தது என்று எப்படித் தெரியும்?

எண்ணெய்க்கிணறு

இதைக் கண்டுபிடிக்கவே 120 வருஷத்துக்கு மேல் ஆனது, அதனால் நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை.

1830களில் ஜெர்மனியில் எஹ்ரென்பெர்க் தீக்கல் சில்லுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பள்ளமும் தட்டும் தெளிவாகத் தெரிகிற சில உருவங்களை டைனோஃபிளாஜெல்லேட் என்று சரியாகவே அடையாளம் கண்டுகொண்டார். முள் உருண்டைகளை மட்டும் சாந்திடியம் என்ற நன்னீர்ப் பாசிப் பேரினத்தில் சேர்த்துவிட்டார். 1842இல் இங்கிலாந்தில் வைட் எழுதியதும் சாந்திடியம் என்ற பெயரிலேயே. இந்த இழையின் நாயகனான ஒலிகோஸ்ஃபெரிடியம் காம்ப்ளெக்ஸ் அந்த 1842 கட்டுரையில் பிறந்ததுதான். அப்புறம் 1930களில் ஓட்டோ வெட்ஸெல் ஹிஸ்ட்ரிகோஸ்ஃபேரா என்று பெயர் வைத்தார். முள் உருண்டை எல்லாம் "ஹிஸ்ட்ரிகோஸ்ஃபியர்" என்ற ஒரே மூட்டைக்குள் போயின. இன்னதென்று யாருக்கும் தெரியாது. முட்டை என்றார்கள், பாசி என்றார்கள்.

1961இல் வில்லியம் எவிட் இந்த முடிச்சை அவிழ்த்தார். முள்கள் தாறுமாறாக முளைக்கவில்லை, டைனோஃபிளாஜெல்லேட் தட்டுகளின் வரிசையிலேயே நிற்கின்றன, திறப்பும் தட்டின் வடிவத்திலேயே இருக்கிறது என்று காட்டினார். ஆக இவை சிஸ்ட். தட்டுக்கு நடுவில் முள் வரலாம், தட்டுகள் கூடும் மூலையில் வரலாம், எல்லைக் கோட்டில் வரலாம். எது எப்படி என்பது பேரினத்தைப் பொறுத்தது. ஒலிகோஸ்ஃபெரிடியத்தில் தட்டின் நடுவில். ஸ்பினிஃபெரைட்டிஸில் மூலைகளில். 1963இல் அவரே, எந்தக் குடும்பத்திலும் சேராமல் மிஞ்சிய உருண்டைகளுக்கு ஆக்ரிட்டார்க் என்று ஒரு தனிப் பெட்டி கொடுத்துவிட்டார்.

எவிட் அந்த வேலையைத் தொடங்கியது ஓர் எண்ணெய் நிறுவன ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தபோது. எங்கள் ஆட்களுக்கும் கொஞ்சம் மரியாதை கொடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

கல்லக்குடிக்காரன்

பூந்தூள் அக்கா சொன்னபடி பார்த்தேன். திறப்பு இருக்கிறது. முள்கள் மறைத்ததால் முதலில் கண்ணில் படவில்லை. ஃபோகஸை மேலும் கீழும் மெதுவாக நகர்த்தினால் ஓரம் தெரிகிறது, ஆறு கோணங்களோடு வளைந்து போகிறது. ஒரு பக்கத்தில் ஆழமான வெட்டு.

தனி மூடிகளும் கிடைத்தன. நான்கு முள், நடுவில் ஒழுங்கில்லாத சின்னத் தட்டு. முன்பு இவற்றை "உடைந்த துண்டு" என்று எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டிருந்தேன். மூடி கழலாமல் பாதி திறந்தபடி நிற்கும் ஒரு மாதிரியில் 18 முள்ளும் இருக்கின்றன. இடுப்புப் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வரிசைக்கு நடுவே வெற்று வளையம். சல்லடை 15 மைக்ரான்.

சரி, எண்ணிக்கைப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் நுனி ஓட்டைகள் அப்படியேதான் இருக்கின்றன. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பூந்தூள்

இப்போதுதான் சிற்றினம் பற்றிப் பேசுகிற இடத்துக்கு வந்திருக்கிறோம். இதுவரை பேசியது பேரினம்.

வரிசை இதுதான். தட்டமைப்பும் ஆர்கியோபைலும் மேல்நிலைகளைத் தீர்மானிக்கும். கோஃபாய்ட் 1900களின் தொடக்கத்தில் கொடுத்த தட்டு எண்முறையை வைத்து, பள்ளத்தில் உள்ள 6 தட்டையும் சேர்த்து 4, 6, 6, 6, 1, 1 என்று வந்தால் கோனியாலகேலிஸ் வரிசைப் பக்கம். உச்சிக்கும் மேல் வரிசைக்கும் நடுவே மூன்று இடைத்தட்டு, மேல் வரிசையில் 7 என்று வந்தால் பெரிடினியேலிஸ் பக்கம். அவற்றில் வாசல் பெரும்பாலும் அந்த இடைத்தட்டில் திறக்கும். 1993இல் ஃபென்ஸமும் கூட்டாளிகளும் உயிருள்ளவை, புதைபடிவம் இரண்டையும் ஒரே வகைப்பாட்டில் அடுக்கினார்கள். அதற்கும் அடித்தளம் தட்டமைப்புதான். நம்முடையது கோனியாலகேசி குடும்பம். அதற்குக் கீழே முள்ளின் வடிவம், நுனி, சுவரின் மேல்பரப்பு, அளவு என்று வரும். சண்டையெல்லாம் இங்கேதான்.

உன் ஓட்டைக்கு வருவோம். முதல் கேள்வி, அது இயற்கையா, நீ போட்டதா? பாறையைக் கரைத்த பின் மிஞ்சும் மசிவை ஆக்சிடைஸ் செய்தாயா? நைட்ரிக் அமிலத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாக விட்டால் மெல்லிய புனல் சுவர் அரித்துப்போகும். ஆக்சிடைஸ் செய்யாத மசிவிலிருந்து ஒரு ஸ்லைடு போட்டுப் பார். ஓட்டையின் விளிம்பு வழவழவென்று உருண்டு நின்றால் பிறவியிலேயே வந்தது. பிய்த்த மாதிரி இருந்தால் சந்தேகப்படு. அல்ட்ராசோனிக்கில் நெடுநேரம் வைத்தாலும் நுனி சிதையும்.

இரண்டாவது, எல்லா மாதிரியிலும் ஓட்டை இருக்கிறதா? ஓட்டையே இல்லாதது, இரண்டு மூன்று இருப்பது, சல்லடையாக இருப்பது என்று ஒரே சாம்பிளில் தொடர்ச்சியாகக் கிடைத்தால் எங்கே கோடு போடுவாய்? ஒரே சிஸ்ட்டின் 14 முள்ளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா? அழகான மாதிரி ஒன்றைப் படம் எடுத்து அதற்குப் பெயர் வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் காம்ப்ளெக்ஸ் என்று தள்ளிவிடுகிற வழக்கம் உண்டு. அதைச் செய்யாதே.

மூன்றாவது, ஒப்பிட வேண்டிய பெயர்களின் பட்டியலைப் போடு.

கடல்பாசி

இரண்டாவது கேள்வியை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். லிங்குலோடினியம் மகேரோஃபோரம் என்று ஒரு சிஸ்ட். இதைச் செய்கிற உயிர் இன்றும் கடலில் இருக்கிறது. கருங்கடல் மாதிரி உப்பு குறைந்த இடத்தில் இதன் முள் குட்டையாக வரும். மெர்ட்டென்ஸும் மற்றவர்களும் 2009இல் பல கடல்களின் மேல்மண்ணை அளந்து, சராசரி முள் நீளம் உப்போடும் வெப்பத்தோடும் சேர்ந்து மாறுகிறது என்று காட்டினார்கள். அதற்கும் முன்னால், 1995இல் கோக்கினோஸும் ஆண்டர்சனும் ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தபோது ஒரே வளர்ப்பிலேயே முள் நீளமாகவும் குட்டையாகவும் வந்தது. சிஸ்ட் உருவாகும் வேலை பாதியில் நின்றால் முள்ளும் பாதியில் நின்றுவிடும். இவற்றைப் பாறையில் பார்த்திருந்தால் நான்கு சிற்றினம் ஆக்கியிருப்பார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1960களில் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் வால், டேல் இருவரும் கடல் மண்ணிலிருந்து உயிருள்ள சிஸ்ட்களை எடுத்துப் பொரிக்க வைத்தார்கள். ஒன்றுக்கொன்று நன்றாகவே வேறுபடுகிற பல சிஸ்ட்களிலிருந்து வந்த நீந்தும் உயிர்கள் எல்லாம் கோனியாலாக்ஸ் ஸ்பினிஃபெரா என்றே அடையாளம் காணும்படி இருந்தன. நீந்துகிற உயிரை மட்டும் பார்த்துவிட்டு ஒரே சிற்றினம் என்று நினைத்துக்கொண்டிருந்தோமா, அல்லது ஒரே உயிர் பல வீடு கட்டுகிறதா என்பதில் பேச்சு நீண்டது. இப்போது அது ஒரு கூட்டுச் சிற்றினம் என்றே பேசுகிறோம்.

என் கருத்து: சிஸ்ட்டில் ஓட்டை, முள் நீளம் போன்ற ஒற்றை அடையாளத்தை வைத்துச் சிற்றினம் ஆக்குவது அவசரம்.

எண்ணெய்க்கிணறு

இங்கே எனக்கு உடன்பாடில்லை. உங்களுக்கு உயிர் வேண்டும், எனக்குக் காலம் வேண்டும். ஆல்பியன் உயிரைப் பொரிக்க வைத்துப் பார்க்க யாராலும் முடியாது. புதைபடிவச் சிற்றினம் என்பது வடிவத்துக்கு வைக்கிற பெயர். அந்த வடிவம் ஓர் அடுக்கில் தொடங்கி இன்னோர் அடுக்கில் முடிகிறது, மற்றவர்களும் அதை அடையாளம் காண முடிகிறது என்றால் அதற்குப் பெயர் கொடுப்பது நியாயம். லிட்டோஸ்ஃபெரிடியம் சைஃபோனிஃபோரம் கிடைத்தால் பின் ஆல்பியன் அல்லது அதற்கு அடுத்த செனோமேனியன் காலம் என்று என்னால் கிணற்றடியில் உட்கார்ந்து சொல்ல முடியும். அதைச் செய்த உயிர் எத்தனை விதமாக நீந்தியது என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒலிகோஸ்ஃபெரிடியம் காம்ப்ளெக்ஸ்? கிரெட்டேசியஸின் தொடக்கப் பகுதியிலிருந்து பேலியோஜீன் வரை ஓடுகிறது. காலம் சொல்வதற்குக் கிட்டத்தட்டப் பயனே இல்லை. அதிலிருந்து குறுகிய காலத்துக்குரிய ஒரு வடிவத்தைப் பிரித்தெடுக்க முடிந்தால் நான் வரவேற்பேன்.

ஆனால் பிரிப்பதிலும் ஓர் அளவு வேண்டும். அதற்கு நல்ல உதாரணம் அபெக்டோடினியம் அகஸ்டம். 5 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால், பேலியோசீன்–இயோசீன் எல்லையில் பூமி திடீரென்று சூடானபோது வட கடல் பகுதியில் அந்தச் சூட்டுக் காலத்துக்குள் மட்டுமே வருகிற, நீண்ட கொம்புகள் கொண்ட சிஸ்ட். 2004இல் ஆர்க்டிக் கடலடியில் லொமோனோசோவ் முகட்டில் துளையிட்டபோது அங்கேயும் கிடைத்தது. இதை விவரித்தவர் ஹார்லண்ட், 1979இல். கட்டுரை வந்தது லக்னோவில் நடந்த நான்காவது சர்வதேச மகரந்தவியல் மாநாட்டின் தொகுப்பில். அவர் அப்போதே சொன்னது, இந்தக் கூட்டத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வடிவம் படிப்படியாக மாறுகிறது, இது ஒரு பின்னல் என்று. இருந்தும் அந்த முனையில் நிற்கிற வடிவத்துக்குப் பெயர் வைத்தார். எல்லோருக்கும் பயன்பட்டது.

2015இல் வில்லியம்ஸும் மற்றவர்களும், அபெக்டோடினியம் அடங்கிய வெட்ஸெலியெல்லாய்டியே துணைக்குடும்பம் முழுவதையும் வாசலின் வடிவத்தை முதன்மையாக வைத்துக் கலைத்து அடுக்கினார்கள். அகஸ்டம் ஆக்சியோடினியம் என்ற புதுப் பேரினத்துக்குப் போனது. 2017இல் பெய்லும் கூட்டாளிகளும் எதிர்க் கட்டுரை எழுதினார்கள். வாசலுக்கு இத்தனை எடை கொடுத்துவிட்டு, முள், கொம்பு, சுவர் இதையெல்லாம் பின்னுக்குத் தள்ளக் கூடாது, பழைய வகைப்பாட்டையே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இன்று இரண்டு பெயரும் ஓடுகின்றன. எங்கள் சார்ட்டில் இன்னமும் அபெக்டோடினியம்தான்.

பூந்தூள்

அந்தச் சண்டையில் நான் 2017 பக்கம்தான் சாய்வேன். வாசல் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் வாசலின் அகலத்தையும் கோணத்தையும் பார்க்க நன்றாக விரிந்த, மடியாத, சரியான பக்கம் திரும்பிப் படுத்த மாதிரி வேண்டும். ஸ்லைடில் கிடப்பதில் பாதி கசங்கியிருக்கும். எல்லோராலும் வழக்கமாகப் பார்க்க முடியாத அடையாளத்தின் மேல் பேரினத்தைக் கட்டினால் நாளை எண்ணுகிறவர்கள் பாடு திண்டாட்டம்.

தம்பி விஷயத்தில் வாசல் பிரச்சினையே இல்லை. உச்சி வாசல், தெளிவு. பட்டியல் எங்கே?

கல்லக்குடிக்காரன்

ஆக்சிடைஸ் செய்யாத ஸ்லைடும் பார்த்தேன். ஓட்டைகள் அதிலும் இருக்கின்றன, விளிம்பு வழவழப்பாகவே இருக்கிறது. ஆனால் அக்கா சொன்ன தொடர்ச்சியும் இருக்கிறது. அடி சாம்பிள்களில் புனல் ஓட்டையில்லாமல், ஓரம் மட்டும் பல்பல்லாக. மேலே வர வர ஓட்டையுள்ளவை அதிகமாகின்றன. நடுவில் இரண்டும் கலந்து. ஒரே சிஸ்ட்டிலேயே இரண்டு முள்ளில் ஓட்டை, மற்றதில் இல்லை என்பதும் உண்டு.

ஒப்பிட எடுத்து வைத்தவை:

ஒலிகோஸ்ஃபெரிடியம் காம்ப்ளெக்ஸ், வைட் 1842. டேவியும் வில்லியம்ஸும் 1966இல் இந்தப் பேரினத்தை உருவாக்கியபோது இதைத்தான் மாதிரிச் சிற்றினமாக வைத்தார்கள். நுனி விரிந்தது, ஓரம் பல் பல்லாக.

ஒ. புல்கெரிமம், டெஃப்லாண்டரும் குக்சனும் 1955, ஆஸ்திரேலியா. நுனிப் புனல் பெரிது, சன்னல் சன்னலாகத் திறப்பு.

ஒ. பெர்ஃபொராட்டம், கோஃக்ட் 1959, ஜெர்மனி. நுனிச் சுவரில் துளைகள்.

என்னுடையதில் ஓட்டைகள் புல்கெரிமத்தைவிடச் சின்னவை, புனலும் அத்தனை அகலமில்லை. பெர்ஃபொராட்டத்துக்குக் கொஞ்சம் நெருக்கம், ஆனால் முள்ளின் தண்டு என்னுடையதில் குட்டை.

எண்ணெய்க்கிணறு

பட்டியலில் ஒரு பெயர் குறைகிறது, அதுவும் உன் வீட்டுப் பெயர்.

ஒலிகோஸ்ஃபெரிடியம் போக்குலம், ஜெயின் 1977. தி பேலியோபோட்டனிஸ்ட் இதழ், தொகுதி 24. கட்டுரையே டால்மியாபுரம் ஃபார்மேஷனின் சாம்பல் களிப்பாறையில் கிடைத்த கூடுதல் டைனோஃபிளாஜெல்லேட்கள், ஆக்ரிட்டார்க்குகள் பற்றியதுதான். அதற்கு முன்பே 1973இல் ஜெயினும் டோகூர்தோ-லான்ஸும் இதே களிப்பாறையின் நுண்துகள்களைப் பற்றி ஜியோஃபைட்டாலஜி இதழில் எழுதியிருக்கிறார்கள். நீ நிற்கிற குவாரியில் ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஆள் வந்து பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

புதுச் சிற்றினம் என்று எழுதினால் மதிப்பீட்டாளர் கேட்கிற முதல் கேள்வியே "போக்குலத்திலிருந்து இது எப்படி வேறு?" என்பதாகத்தான் இருக்கும். ஜெர்மனியையும் ஆஸ்திரேலியாவையும் ஒப்பிட்டுவிட்டுச் சொந்த அடுக்கை விட்டால் கட்டுரை அன்றே திரும்பி வரும்.

பூந்தூள்

அருமை. அந்த இதழின் பழைய தொகுதிகள் லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனத்தின் தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. அந்தக் காலத்து அச்சுப் படம், கறுப்பும் சாம்பலுமாக, புனல் நுனி தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். படத்தை மட்டும் நம்பாமல் விவரிப்பை வரி வரியாகப் படி. ஹோலோடைப், அதாவது பெயருக்கு ஆதாரமாக வைத்த மூல மாதிரி, எந்த ஸ்லைடு, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார். முடிந்தால் போய் நேரில் பார்த்துவிடு. பழைய கிளிசரின் ஜெல்லி ஸ்லைடுகள் காய்ந்து வெடித்துப் போகக்கூடும், அதனால் தள்ளிப் போடாதே.

இன்னொன்று. டைனோஃப்லாஜ் தரவுத்தளத்தில் இந்தப் பேரினத்தின் முழுப் பட்டியலையும் எடு. 1973இல் லென்டினும் வில்லியம்ஸும் தொடங்கிய அட்டவணையின் இன்றைய வடிவம் அது. எந்தப் பெயர் எந்தப் பெயருக்குள் அடங்கியது, எது முறைப்படி வெளியாகாத பெயர் என்றெல்லாம் குறித்திருப்பார்கள். பெயர் நிறைய, பார்த்துக் களைத்துப் போவாய். பரவாயில்லை.

சும்மா_வந்தவன்

ஒரு சின்னச் சந்தேகம். நீந்துகிறது என்கிறீர்கள், கசை என்கிறீர்கள். ஆனால் எல்லோரும் தாவரவியல் பக்கம் போகிறீர்களே, ஏன்?

கடல்பாசி

பாதி டைனோஃபிளாஜெல்லேட்கள் ஒளிச்சேர்க்கை செய்யும், பாதி பிறரைத் தின்னும், சிலது இரண்டும். விலங்கியலாரும் உரிமை கொண்டாடியிருக்கிறார்கள். பெயரிடும் விதியில் மட்டும் பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கான சட்டத்தைப் பின்பற்றுவது வழக்கமாகிவிட்டது. புதைபடிவத்துக்கும் அதுதான். சிஸ்ட்டுக்கு ஒரு பெயர், நீந்தும் உயிருக்கு ஒரு பெயர் என்று இரட்டைப் பெயர் புழங்குவது உங்களைக் குழப்பலாம். எங்களையும் குழப்பும்.

பூந்தூள்

சட்டம் என்ற பேச்சு வந்ததால் தம்பிக்குச் சில. நாளை உண்மையிலேயே புதுச் சிற்றினம் என்று முடிவானால் இவை இல்லாமல் பெயர் செல்லாது.

ஆய்வேட்டில் பெயர் வைக்காதே. ஆய்வேடு பொதுவாக முறையான வெளியீடாகக் கணக்கில் வராது. அங்கே வைத்த பெயரை வேறு யாராவது எடுத்து எழுதிவிட்டால் அது உயிரும் இல்லாத பிணமும் இல்லாத பெயராக இலக்கியத்தில் சுற்றும். அப்படிச் சுற்றுகிற பெயர்கள் ஏராளம்.

விவரிப்போ அடையாள வரையறையோ ஆங்கிலத்தில் அல்லது லத்தீனில் இருக்க வேண்டும். புதைபடிவங்களுக்கு 1996 ஜனவரி 1 முதல் இந்த விதி. தமிழில் எவ்வளவு அழகாக எழுதினாலும் எடுபடாது.

ஹோலோடைப் ஒன்றே ஒன்று. எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று அச்சில் சொல்ல வேண்டும். அதன் படம் கட்டுரையில் வர வேண்டும், இதுதான் ஹோலோடைப் என்று படத்தின் கீழேயே குறிக்க வேண்டும். மூடி கழன்ற மாதிரியையா, மூடியோடு உள்ளதையா ஹோலோடைப் ஆக்குவது என்று கேட்பாய். வாசலின் ஓரம் தெளிவாகத் தெரிகிற, முள் நுனி மடியாத மாதிரியை எடு. மூடியைத் தனியாக வேறு மாதிரியில் காட்டிக்கொள்ளலாம்.

அளவு எழுதும்போது குறைந்தது, சராசரி, அதிகபட்சம், எத்தனை மாதிரி அளந்தாய் என்று நான்கும் வேண்டும். உடலின் அளவும் முள்ளின் அளவும் தனித்தனியாக. "42 முதல் 50" என்று மட்டும் எழுதினால் இரண்டு மாதிரியா இருநூறு மாதிரியா என்று யாருக்குத் தெரியும்?

வரையறை சின்னதாக, மற்றதிலிருந்து பிரிக்கிற அடையாளங்களை மட்டும் வைத்து. விவரிப்பு நீளமாக, ஹோலோடைப் உள்பட எல்லா மாதிரிகளின் மாறுபாட்டையும் சேர்த்து. பலர் இரண்டிலும் ஒரே பத்தியை வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்லக்குடிக்காரன்

ஜெயின் 1977 கட்டுரையை இறக்கிவிட்டேன். இப்போதைக்கு என் முடிவு இது. ஆய்வேட்டில் ஓட்டையில்லாதவற்றை ஒ. காம்ப்ளெக்ஸ் என்றும், ஓட்டையுள்ளவற்றை "ஒலிகோஸ்ஃபெரிடியம் சிற்றினம் அ" என்றும் போடுகிறேன். இரண்டையும் சாம்பிள் வாரியாகத் தனித்தனியே எண்ணுகிறேன். ஒவ்வொரு சாம்பிளிலும் ஓட்டையுள்ள முள் எத்தனை என்று ஒரு வரைபடம். போக்குலத்தின் ஹோலோடைப்பைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதப் போகிறேன். அது என்னுடையதோடு ஒத்துப்போனால் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு, மாறுபாட்டைச் சேர்த்து வரையறையைத் திருத்தி எழுதலாம். ஒத்துப்போகாவிட்டால் அப்புறம் பார்க்கலாம்.

வழிகாட்டிக்கு இது பிடிக்காது. பேசிக்கொள்கிறேன்.

எண்ணெய்க்கிணறு

சரியான முடிவு. "சிற்றினம் அ" என்று போட்டால் எங்களுக்கு ஒன்றும் குறையில்லை. நாங்கள் எண்ணும்போதே எத்தனையோ "அ", "ஆ" வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறோம். உன் வரைபடத்தில் அந்த மாற்றம் குறுகிய தூரத்துக்குள் நடந்தால், பக்கத்துக் கிணற்றின் துளை மாதிரியிலும் அதே இடத்தில் வருகிறதா என்று பார். வந்தால் பெயர் இல்லாமலேயே அது வேலைக்கு வரும்.

கடல்பாசி

அந்த வரைபடத்தோடு களிப்பாறையில் வேறு என்ன மாறுகிறது என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். மேலே வர வர ஆழம் குறைகிறதா, நன்னீர் கலப்பு கூடுகிறதா? மகரந்தமும் வித்துத்தூளும் சிஸ்ட்டைவிட அதிகமாகிக்கொண்டு போனால் கரை நெருங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஓட்டை அதோடு சேர்ந்து கூடினால் எனக்கு ஒரு பதில் கிடைக்கும், எண்ணெய்க்கிணறு அண்ணாவுக்குப் பிடிக்காத பதில்.

கல்லக்குடிக்காரன்

எண்ணிக்கை தெரிந்த வித்துத்தூள் அடங்கிய லைகோபோடியம் மாத்திரை போட்டுத்தான் எண்ணுகிறேன், அதனால் கிராமுக்கு எத்தனை என்ற கணக்கும் இருக்கிறது. மகரந்தத்தையும் சேர்த்து எண்ணிவிடுகிறேன்.

கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. எங்கள் ஆய்வகத்தில் இங்கிலாந்து ஃபைண்டர் (ஸ்லைடில் மாதிரி இருக்கும் இடத்தைக் குறிக்க உதவும் கட்டம் போட்ட கண்ணாடி) இல்லை. மைக்ராஸ்கோப் மேடையின் அளவுகோல் எண்களை மட்டும் எழுதி வைத்தால் போதுமா?

பூந்தூள்

போதாது. அந்த எண் உன் மைக்ராஸ்கோப்புக்கு மட்டும்தான் பொருந்தும். வேறு மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வெற்று ஜெல்லிதான் தெரியும். ஃபைண்டர் யாரிடமாவது இரவல் வாங்கி, முக்கியமான மாதிரிகளுக்கு மட்டுமாவது எண்ணை எடுத்து வை. அதுவரை ஸ்லைடின் பின்பக்கம் மாதிரியைச் சுற்றி மெல்லிய மார்க்கரில் வட்டம் போடு.

எண்ணெய்க்கிணறு

வட்டம் போடும்போது லேபிள் இடது பக்கம் இருந்ததா வலது பக்கம் இருந்ததா என்பதையும் நோட்டில் எழுதிவிடு. எங்கள் பழைய ஸ்லைடுகளில் அதை யாரும் எழுதவில்லை, இன்றுவரை ஒவ்வொன்றையும் இரண்டு தடவை தேடுகிறோம்.